பெடல் ஸ்டீல் வாசிப்பை வீட்டில் வீடியோ எடுக்க: கால்களிலிருந்து ஆரம்பியுங்கள்

பெடல் ஸ்டீல் என்பது மேசைபோல் நான்கு கால்களில் நிற்கும், கையோடு பாதமும் முழங்காலும் சேர்ந்து வாசிக்கும் கிட்டார். அதை வாசிப்பவர்கள் வீட்டில் எடுத்துப் போடும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்த போன். திரை நடுவில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருப்பார். இடக்கையில் உருளையான ஸ்டீல் பார், வலக்கை விரல்களில் தந்தி மீட்டும் உலோகப் பிக். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இருக்காது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வாசிக்கும்போது தலைக்குள் ஓடுகிற கணக்கில் முகத்தைக் கவனிக்க யாருக்கு நேரம்? ஆனால் இரண்டு முழங்கால்களும் இடது பாதமும் செய்யும் வேலை படத்துக்கு வெளியே போய்விடும். வலது பாதம் செய்யும் வேலையை போனின் மைக் அழித்துவிடும். பாதி வாத்தியம் வீடியோவிலேயே இருக்காது.

நான் டெக்சஸில், சான் அன்டோனியோவுக்கு வெளியே குடியிருக்கிறேன். பகலில் மென்பொருள் வேலை, இரவில் கராஜில் 10 தந்தி பெடல் ஸ்டீல். என் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து சித்தி, "இது என்னடா, கோட்டு வாத்தியமா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். தந்தியை விரலால் அழுத்தாமல் மேலே ஒரு கட்டையை வழுக்கி வாசிப்பது இரண்டுக்கும் பொது. வித்தியாசம் முழுவதும் வாத்தியத்துக்கு அடியில் இருக்கிறது. பெடலை மிதித்தால், அல்லது முழங்காலால் லீவரைத் தள்ளினால், அடியில் ஓடும் கம்பிகள் குறிப்பிட்ட சில தந்திகளை மட்டும் இழுத்துச் சுருதியை மாற்றும். மற்ற தந்திகள் அப்படியே நிற்கும்.

1954-இல் அமெரிக்க கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டில் ஸ்டீல் வாசிப்பாளர் பட் ஐசக்ஸ் இதைத்தான் செய்தார். தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ரேடியோவில் அதைக் கேட்ட மற்ற ஸ்டீல் வாசிப்பாளர்களுக்குக் குழப்பம்: பார் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது, உள்ளே சுரம் மட்டும் எப்படி நகர்கிறது? பிறகு பலரும் தங்கள் கிட்டாரிலும் பெடல் பூட்டிக்கொண்டார்கள். கால் தெரியாத வீடியோ, பார்க்கிறவரை அந்த 1954 ரேடியோ முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. வீடியோ என்று ஒன்று வந்த பிறகும் அப்படி ஏன்?

கேமராவை எங்கே வைப்பது

ஒரே ஒரு போன்தான் இருக்கிறது என்றால் அதை நெட்டுவாக்கில் வையுங்கள். படுக்கைவாக்கில்தான் வீடியோ எடுக்க வேண்டும் என்ற விதி இந்த வாத்தியத்துக்குப் பொருந்தாது. முகம், கைகள், கழுத்துப் பலகை, முழங்கால், பெடல் என்று பார்க்க வேண்டியது எல்லாம் மேலிருந்து கீழாக ஒரே நிரலில் இருக்கிறது. உங்களுக்கு எதிரே, கொஞ்சம் உங்கள் இடப்பக்கமாக, ஆறேழு அடி தள்ளி, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் இருக்கும் உயரத்தில் போனை வைத்துச் சற்றுக் கீழ்நோக்கிச் சாயுங்கள். தந்திகளின் மேல்புறமும் தெரியும், கிட்டாருக்கு அடியில் பாதங்களும் தெரியும்.

செல்ஃபி கேமராவைப் பயன்படுத்தாதீர்கள். சில போன்கள் அதில் எடுத்த படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இட வலம் மாற்றிச் சேமிக்கும். மற்ற வாத்தியத்தில் அது சின்ன விஷயம். இங்கே பெடல் வரிசையே தலைகீழாகிவிடும். ஸ்டீல் வாசிப்பாளர் பட்டி எம்மன்ஸ் பெயரால் வழங்கும் அமைப்பில் இடமிருந்து ஏ, பி, சி என்று பெடல்கள் வரும். இன்னொரு வாசிப்பாளர் ஜிம்மி டே பெயரால் வழங்கும் அமைப்பில் சி, பி, ஏ என்று வரும். கற்றுக்கொள்ள நினைத்துப் பார்ப்பவர் உங்கள் வரிசையைத் தப்பாக எண்ணிக்கொண்டு அரை மணி நேரம் தன் காலைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டு போன் கிடைத்தால் வேலை சுலபம். மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய போன் போதும். அதைப் பாதங்களுக்குக் கொடுங்கள். நல்ல போனை மேலிருந்து கழுத்துப் பலகையைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். இதற்கென்று தனிச் சாதனம் வாங்க வேண்டாம். கை நீண்ட மைக் ஸ்டாண்டில் போன் பிடிப்பான் ஒன்றைப் பூட்டினால் ஆயிற்று. ஆனால் ஸ்டாண்டின் காலில் கனமாக எதையாவது வையுங்கள். நான் 20 பவுண்டு பாஸ்மதி அரிசி மூட்டையை வைக்கிறேன். போன் தந்திகள் மேல் விழுந்தால் போனுக்கும் கேடு, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கும் கேடு.

மேல் கேமராவை எந்த ஃபிரெட்டுக்கு நேராக வைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். பெடல் ஸ்டீலில் ஃபிரெட் என்பது பலகையில் வரைந்த கோடு மட்டுமே. தந்திகள் அதற்கு மேலே உயரத்தில் ஓடுகின்றன, பார் தந்திகள் மேல் இருக்கிறது. இடது ஓரத்தில், சுருதி முறுக்கும் சாவிகள் இருக்கும் பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் பார் கோட்டைத் தாண்டி நிற்பதுபோல் தெரியும். காதுக்குச் சுருதி சுத்தமாக இருக்கும், கண்ணுக்குப் பிசகும். "கோட்டிலிருந்து விலகி வாசிக்கிறீர்களே" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்தப் பாட்டில் நீங்கள் அதிகம் உலவும் இடத்துக்கு நேர் மேலே, பொதுவாக 5-க்கும் 8-க்கும் நடுவில், லென்ஸ் இருக்கட்டும். படத்தைத் தொகுக்கும்போது சாவிப் பக்கம் திரையின் இடப்புறம் வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். வாசிப்பவர் உட்கார்ந்து பார்க்கும் பார்வை அதுதான். கற்கிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

கால்களைத் தெரிய வைப்பது

கால் கேமரா தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உங்கள் இடது முன் பக்கத்தில் இருக்கட்டும். படச் சட்டத்துக்குள் மூன்று விஷயம் வந்தே ஆக வேண்டும்: இடது பாதமும் பெடல்களும், முழங்கால்களும் அவை தள்ளும் லீவர்களும், வலது பாதத்தின் அடியில் இருக்கும் வால்யூம் பெடல். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஈ9 என்று வழங்கும் சுருதியமைப்பில் ஏ பெடல் 5-ஆம், 10-ஆம் தந்திகளை பி சுரத்திலிருந்து சி ஷார்ப் சுரத்துக்கு ஏற்றும். பி பெடல் 3-ஆம், 6-ஆம் தந்திகளை ஜி ஷார்ப் சுரத்திலிருந்து ஏ சுரத்துக்கு ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் பார் அங்குலம்கூட நகராமல் ஈ மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஏ மேஜராக மாறிவிடும். அதே ஈ மேஜர் கார்டை மூன்று ஃபிரெட் மேலே போய், ஏ பெடலை மிதித்து, ஈ தந்திகளை எஃப்புக்கு ஏற்றும் முழங்கால் லீவரையும் தள்ளி எடுக்கலாம். காதுக்கு இரண்டும் ஒன்று. கையை மட்டும் காட்டும் வீடியோவில், பார் ஏன் திடீரென்று அங்கே போனது என்று பார்ப்பவருக்குப் புரியவே புரியாது.

கராஜில் கிட்டாருக்கு அடியில் இருட்டாக இருக்கும். கறுப்பு ஷூ, கறுப்பு பெடல், சாம்பல் தரை என்றால் ஒன்றும் தெரியாது. கிளிப் வைத்த சின்ன எல்இடி விளக்கு ஒன்றைக் கிட்டாரின் பின்காலில் மாட்டி பெடல்களை நோக்கித் திருப்புங்கள். ஒவ்வொரு பெடலின் முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். இங்கே பலர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வாசிப்பார்கள். நமக்கு வீட்டுக்குள் செருப்புப் போடும் பழக்கம் இல்லை. நான் வெள்ளைக் காலுறையோடு வாசிக்கிறேன். உள்ளங்கால் கொஞ்சம் வலிக்கும், ஆனால் கணுக்காலை இடப்பக்கம் சாய்த்து பி பெடலை விட்டு ஏ-வை மட்டும் பிடிக்கிற அசைவு படத்தில் தெளிவாக விழும்.

போன் மைக்கை ஏன் நம்பக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மீட்டிய தந்தியின் ஒலி இயல்பாகத் தேய்ந்துகொண்டே போகும். பெடல் ஸ்டீல் வாசிப்பவர் மீட்டும்போது வால்யூம் பெடலைப் பாதி அளவில் வைத்திருப்பார். ஒலி தேயத் தேய, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி அதை ஈடுகட்டுவார். அதனால்தான் சுரம் வயலினில் வில் இழுத்ததுபோல் நீண்டு நிற்கிறது. போனின் மைக் இதற்கு நேர் எதிரான வேலை செய்யும். சத்தம் கூடினால் தானாகக் குறைக்கும், குறைந்தால் தானாகக் கூட்டும். நீங்கள் காலால் ஏற்றுகிறீர்கள், போன் இறக்குகிறது. நீங்கள் ஓய்வு விடும் இடத்தில் ஏசி இரைச்சல் மேலே ஏறி வருகிறது. சில போன்களின் இரைச்சல் குறைப்பு, அசையாமல் நீண்டு நிற்கும் சுரத்தையே இரைச்சல் என்று எண்ணித் தின்றுவிடும். போதாததற்கு பெடல் திரும்பி மோதும் "டக்", லீவர் தட்டும் "கிளிக்" எல்லாம் அறை வழியாக அதில் பதிவாகும்.

ஆகவே போன் படத்துக்கு மட்டும். ஒலியைத் தனியாகப் பிடியுங்கள். ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு லேப்டாப், ஒரு மைக் போதும். என்னிடம் இருப்பது ஷூர் எஸ்எம்57. பழைய பீவி நாஷ்வில் 400 ஆம்பின் 15 அங்குல ஸ்பீக்கர் முன்னால், வலையிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைக்கிறேன். நடு மையத்துக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாகக் குத்தும். மையத்துக்கும் விளிம்புக்கும் இடையில் எங்கே நன்றாக இருக்கிறது என்று காதால் தேடுங்கள். ஆம்பை அலற விட வேண்டியதில்லை. டிவி பார்க்கும் சத்தம் போதும், தூங்குகிற பிள்ளைகளும் எழ மாட்டார்கள்.

ஆம்ப் இல்லாமல் நேராகவும் செருகலாம். வால்யூம் பெடலுக்குப் பிறகு வரும் கேபிளை இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்று இருக்கும் உள்ளீட்டில் செருகுங்கள், சாதாரண லைன் உள்ளீட்டில் வேண்டாம். ஒலி முதலில் வறண்டு கிடக்கும். மேல் அலைவரிசைகளைக் கொஞ்சம் குறைத்து, 800 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் கொஞ்சம் தாழ்த்தினால் மூக்கால் பாடுவதுபோன்ற தன்மை போகும்.

அளவு வைக்கும்போது வால்யூம் பெடலைத் தரைவரை அழுத்தி, பாட்டில் எங்கே பலமாக மீட்டுவீர்களோ அந்தப் பலத்தில் மீட்டுங்கள். உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். பெடல் பாதியில் இருக்கும்போது அளவு வைத்தால் நடுப்பாட்டில் ஒலி உடைந்துவிடும். பதிவை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வீடியோவுக்கு அதுதான் வழக்கம். எதிரொலியைப் பதிவோடு சேர்க்காமல் காதில் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொண்டு, கடைசியில் கலக்கும்போது சேருங்கள். எதிரொலியே இல்லாமல் வாசிக்கச் சொன்னால் ஸ்டீல்காரர்களுக்குக் கை வராது, அது எனக்கும் தெரியும்.

புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. அதில், கூட ஒலிக்கவிடும் பின்னணி இசை டிராக் தாமதமாகத்தான் காதுக்கு வரும். நீங்கள் அந்தத் தாமதத்தோடு சேர்ந்து வாசிப்பீர்கள், பதிவில் எல்லாம் பின்தங்கி நிற்கும். கம்பி வைத்த ஹெட்போன் போடுங்கள்.

இரைச்சலும் வெளிச்சமும்

இந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகிறவை. ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த கிட்டாராக இருந்தால், அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் உறுமல் அதில் ஏறும். கராஜின் பழைய டியூப் லைட்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சும் அதை இன்னும் மோசமாக்கும். அவற்றை அணைத்துவிடுங்கள். பிறகு ஆம்பைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே கிட்டாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் அடங்கும். நான்கு கால் வைத்த வாத்தியம் என்பதால் நாற்காலி, வால்யூம் பெடல் எல்லாமே சேர்ந்து திரும்ப வேண்டும். அதனால் இதை முடித்த பிறகே கேமராக்களை நிறுத்துங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னல்தான் நல்லது. கழுத்துப் பலகையின் இரு முனைகளும் பளபளக்கும் உலோகம், பார் அதைவிடப் பளபளப்பு. மேலே வளைய விளக்கு வைத்தால் பாரில் ஒரு வெள்ளை வளையம் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டிலிருந்து வரும் பரவலான வெளிச்சம் போதும். மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் கட்டினால் இன்னும் நல்லது. போனில் ஷட்டரைக் கையால் வைக்க முடிந்தால் நொடியில் 60-இல் ஒரு பங்கு வையுங்கள். விளக்குகள் துடிப்பது தெரியாது. ரொம்ப வேகமான ஷட்டரில் தந்திகள் பாம்பு நெளிவதுபோல் விநோதமாகத் தெரியும், அதுவும் குறையும்.

டெக்சஸ் கோடையில் கராஜ் ஏசியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் தந்திகள் சூடேறிச் சுருதி இறங்கும். நேராகச் செருகிப் பதிவு செய்தால் ஏசி ஓடட்டும், யாருக்கும் கேட்காது. மைக் வைத்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கு முன்னும் சுருதி பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது அந்த அறையில் கிடக்க விடுங்கள்.

டிராக், உரிமை, ஒட்டுவது

கூட வாசிக்க ஆள் இல்லாதவர்கள் பலரும் பேண்ட்-இன்-எ-பாக்ஸ் மென்பொருளில் கார்டுகளைத் தட்டச்சு செய்து டிராக் உண்டாக்குகிறார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். கடையில் வாங்கிய கரோக்கே டிராக்கைவிட அது பாதுகாப்பு. கரோக்கே ஒலிப்பதிவுக்குத் தனி உரிமையாளர் உண்டு. யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்து உரிமைக் கோரல் போடும். கோரல் வந்தால் பெரும்பாலும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். சேனலுக்கே ஆபத்தாகும் "ஸ்டிரைக்" எச்சரிக்கை என்பது வேறு. டிராக் உங்களுடையது என்றாலும் பாட்டின் மெட்டுக்கு உரிமை இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். தொல்லையே வேண்டாம் என்றால் பழைய தேவாலயப் பாடல்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்தவை பொதுச் சொத்து, பெடல் ஸ்டீலுக்கு அவை அற்புதமாகப் பொருந்தும்.

தனித்தனியாக எடுத்த படத்தையும் ஒலியையும் சேர்க்க, ஆரம்பத்தில் கைதட்டி அந்தச் சத்தத்தை வைத்துப் பொருத்துவார்கள். நம் விரலில் உலோகப் பிக் இருக்கிறது, கைதட்டினால் வலிக்கும். பாரைத் தந்திகள் மேல் வைத்து, வால்யூம் பெடலை முழுக்க அழுத்தி, விரல் பிக்கால் பாரை ஒரு தட்டுத் தட்டுங்கள். போன்களிலும் பதிவாகும், பிக்கப் வழியாகவும் பதிவாகும், மேல் கேமராவில் கண்ணுக்கும் தெரியும். பாட்டு முடிந்ததும் இன்னொரு தட்டு. போன்கள் சீரான வேகத்தில் படம் பிடிப்பதில்லை. ஆரம்பம் பொருந்தி முடிவு விலகுவது உண்டு. வீடியோ தொகுக்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஒலி அலையைப் பார்த்துத் தானாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அதன் பிறகும் முடிவுத் தட்டைக் கண்ணால் சரிபாருங்கள். போன் தள்ளி இருப்பதால் வரும் தாமதம் பெரிதல்ல, ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி நொடிதான் ஆகும். ஆனால் நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) எடுக்கும் வேகத்தில் ஒரு சட்டமே 33 மில்லி நொடி. இரண்டு சட்டம் விலகினாலே பிக் படுவதற்கு முன் சுரம் வந்ததுபோல் உறுத்தும்.

கலக்கும்போது ஸ்டீலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். நாமே வாசித்ததை நாமே கலந்தால் நம் சத்தம் எப்போதும் பெரிதாகத்தான் நிற்கும். டிரம்ஸும் பேஸும் தெளிவாகக் கேட்கும் இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கால் படத்தைத் திரையின் இடது கீழ் மூலையில் சின்னச் சட்டமாக வையுங்கள், 12-ஆம் ஃபிரெட்டை மறைக்காமல். வணக்கம், என் பெயர் இன்னது என்ற பேச்சு ஆரம்பத்தில் வேண்டாம். முதல் மூன்று நொடிக்குள் ஒரு சுரம் கேட்கட்டும். துண்டு துண்டாக ஒட்டிக் குறையில்லாத பதிவாக்கவும் முயல வேண்டாம். ஸ்டீல்காரர்கள் பார் கொஞ்சம் இடறுவதை மன்னிப்பார்கள். படத்தில் கை நிற்கும் இடத்துக்குச் சம்பந்தமில்லாத சுரம் கேட்டால் மன்னிக்க மாட்டார்கள்.

ஏற்றும்போது விளக்கப் பகுதியில் முதல் வரியிலேயே ஆம்ப், பிக்கப், வால்யூம் பெடல், சுருதியமைப்பு, எம்மன்ஸா டேயா, எந்த லீவர் எந்தத் தந்தியை மாற்றுகிறது என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வாசிப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லுமுன் "எந்த ஆம்ப்?" என்றுதான் கேள்வி வரும், அதற்குப் பதில் எழுதியே சாயங்காலம் போய்விடும்.